குகை, படகு, குடில்

திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், நகரின் ஆரவாரத்துக்கு நேர் பின்புறத்தில், அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை என்பர் சிலர். பெரிய கோயிலுக்கும் முந்திய கோயில் இங்கே உண்டென்று நம்பி, ஆதி அண்ணாமலை என்பர் வேறு சிலர். மணிவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இத்தலத்தில் என்பது சைவ மரபு. அவருக்கென ஒரு சிறு கோயிலும் இவ்வூரில் இருக்கிறது. மார்கழி விடியலின் குளிரில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் செல்வதைப் பாடும் நூல் அது.

கார்த்திகைத் தீபம் முடிந்து மார்கழி பிறக்கும் நாள்களில், இவ்வூரிலும் இதனை அடுத்த தெருக்களிலும் ஐரோப்பியர் பலரைக் காணலாம். தம் நாட்டுப் பனிக்காலத்தை விட்டு வந்து, ஓர் அறை, ஒரு பாய், ஒரு சிறிய அடுப்பு என்று இரண்டு மூன்று மாதங்கள் தங்கித் தியானம் செய்து திரும்புகின்றனர். "வசதியான வீட்டை விட்டுவிட்டு இந்தச் சின்ன அறையில் அப்படி என்னதான் காண்கிறார்கள்?" என்று வியப்போர் உண்டு. ஆனால் அதே தெருவில், அதே அளவுள்ள அறையில், ஒரு குடும்பம் முழுவதும் ஆண்டு முழுவதும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை.

இங்கே ஓர் அறவியல் வினா எழுகின்றது. ஒரே அளவுள்ள இடம் ஒருவருக்குத் தவமாகவும் மற்றொருவருக்குத் துன்பமாகவும் இருப்பது எதனால்? குறுகிய இடத்தில், குறைந்த பொருளோடு வாழ்வது தன்னளவிலேயே ஓர் அறமா? எளிமையைப் போற்றும் திருமறையைச் சார்ந்தவர்கள் நாம். ஆகவே இவ்வினா நம்மைச் சற்று ஆழமாகவே தொடவேண்டும்.

மலையின் குகைகள்

எளிய உறைவிடத்தைத் தாமே தேர்ந்துகொண்டோருக்கு அண்ணாமலை நெடுங்காலமாக இடமளித்து வந்துள்ளது. 1896-இல் இங்கு வந்த இரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சக் குகையிலும், பின்னர் 1922 வரை அதற்கு மேலேயுள்ள கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். குகை வாழ்வின் நாள்களில் பிச்சையாகக் கிடைத்த உணவை உடனிருந்தோர் அனைவரும் பகிர்ந்து உண்டனர். முதுமையில் தாயார் அழகம்மாள் மகனோடு வந்து தங்கிய பிறகு, கந்தாசிரமத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது. துறவியின் இருப்பிடத்திலும் ஒரு தாய்க்கும் அவளுடைய சமையலுக்கும் இடம் பிறந்தது.

இம்மலை நம் திருச்சபையின் துறவி ஒருவரையும் ஈர்த்தது. பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில், கடலோரச் சிற்றூரான சேன்-பிரியாக்கில் 1910-இல் பிறந்தவர் ஹென்றி லெ சோ. 1929-இல் கெர்கோனானிலுள்ள புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தார். 1948-இல் தமிழகம் வந்து, குளித்தலையில் பணியாற்றிக்கொண்டிருந்த அருள்தந்தை ஜூல் மொன்ஷானினுடன் இணைந்தார். 1949 சனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமணரைக் கண்டனர். 1950 மார்ச் 21-இல், காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் தோன்றியது. சாந்திவனம் என்று நாம் அறிந்திருப்பது அதுவே. சில குடிசைகளும் ஒரு சிற்றாலயமுமே அதன் தொடக்கம். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்ட லெ சோ, 1952 முதல் சில ஆண்டுகள் பலமுறை அண்ணாமலைக்கு வந்து அதன் குகைகளில் தங்கி மௌனத்தில் ஆழ்ந்தார். அவ்வனுபவமே அவருடைய பிற்கால எழுத்துகள் பலவற்றுக்கு ஊற்றாயிற்று.

குகை இவருக்குக் கற்பித்தது என்ன என்பதை இறைவனும் அவரும் அறிவர். வெளியிலிருந்து நோக்கும் நமக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அக்குகைக்குக் கதவு இருந்தது. அது வெளியே செல்ல அவருக்கு எப்போதும் திறந்திருந்தது. குளித்தலைக்குத் திரும்பலாம். நோயுற்றால் மருத்துவமனைக்குச் செல்லலாம். 1968-இல் சாந்திவனத்தை மற்றொரு துறவியான பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, இமயத்தின் உத்தரகாசிக்குச் சென்று வாழவும் அவரால் இயன்றது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாமே தேர்ந்துகொண்ட எளிமையின் இயல்பு அது. அவர் விட்டது ஒரு பொருளைத்தான். விடும் உரிமையை அல்ல.

அவருடைய தாய்நாட்டிலோ, அவ்வுரிமை சிறிதும் இன்றி, அதைவிடவும் குறுகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் இருந்தனர். அவர்கள் துறவியரல்லர், கால்வாய்ப் படகோட்டிகள்.

பனியில் உறைந்த படகு

பிரான்சு நாட்டில் ஆறுகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நீர்வழியாக அமைந்துள்ளன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகைக் கொண்டுசெல்ல, முன்னும் பின்னும் கதவுகளை அடைத்து, இடையில் நீரை ஏற்றியோ இறக்கியோ விடும் மதகுகள் வழிநெடுக உண்டு. பொதுப்பணி அமைச்சராயிருந்த ஷார்ல் தெ ஃப்ரெசினே 1879-இல் கொண்டுவந்த சட்டம், இம்மதகுகளின் அளவை நாடெங்கும் ஒன்றாக்க வழிவகுத்தது. நீளம் 39 மீட்டர், அகலம் 5.2 மீட்டர். இதனுள் நுழையுமாறு கட்டப்பட்ட சரக்குப் படகு 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் உடையது. பெனிஷ் என்பது அதன் பெயர். 300 முதல் 350 டன் வரை நிலக்கரி, மணல், தானியம் போன்றவற்றை அது சுமந்து செல்லும்.

இவ்வளவு நீளமான படகில் மனிதர் குடியிருந்த பகுதி எவ்வளவு? பின்முனையில் சில மீட்டர் மட்டுமே. எஞ்சிய இடமெல்லாம் சரக்குக்கு உரியது. கணவன், மனைவி, பிள்ளைகள், கட்டில், மேசை, அடுப்பு, துணிமணி அனைத்தும் அச்சிறு அறைக்குள் அடங்கவேண்டும். சரக்கேற்றும் ஒவ்வொரு முழமும் கூலியாயிற்றே! குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கும் இடம் வருமானத்தில் குறையும். ஆகவே நிலக்கரி கால் நீட்டிப் படுத்தது. குழந்தைகள் முடங்கிப் படுத்தனர்.

பனிக்காலத்தில் அவ்வாழ்வு இன்னும் கடினமானது. திசம்பர் மாதத்தில் அந்நாட்டில் கதிரவன் தோன்றக் காலை எட்டு மணிக்கு மேலாகும்; மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருண்டுவிடும். அடுப்பு அணைந்தால் அறை சில்லிட்டுப் போகும். எரிந்தாலோ, உள்ளிருப்போரின் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்து வழியும். நனைந்த கயிறுகள் இரவில் உறைந்து கட்டைபோல் விறைத்து நிற்கும். அவற்றை வெறுங்கையால் அவிழ்த்தே காலையில் பயணம் தொடங்கவேண்டும். மேல்தளத்தில் பனி படிந்து வழுக்கும். வழுக்கினால் விழுவது உறையும் நீரில். நடைபழகும் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடாமல் இடுப்பில் கயிறு கட்டி வைப்பதும் அவர்கள் வழக்கம். கணவன் கரையில் கயிற்றைக் கையாளும்போது மனைவி சுக்கான் பிடிப்பாள். அதே கையோடு அடுப்பையும் கவனிப்பாள். பள்ளி வயதை எட்டிய பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் விட்டுப் பிரியவேண்டும். ஓரிடத்தில் நிலைத்து நில்லாத வீட்டிலிருந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்வது எவ்வாறு?

கடுங்குளிரில் கால்வாயே உறைந்து போவதுண்டு. 1963-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவை வாட்டிய குளிரில் படகுகள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே சிறைப்பட்டன. படகு நகர்ந்தால்தான் கூலி. பனி உருகும்வரை சேமிப்பும் கடனுமே சோறு போடவேண்டும்.

எந்திரம் வருவதற்கு முந்திய காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. குதிரைக்கு வசதியற்றவர்கள் தோளிலும் மார்பிலும் பட்டையை மாட்டித் தாமே இழுத்தனர். கணவனுக்கு முன்னோ பின்னோ அதே கயிற்றில் மனைவியும் பூட்டப்பட்டிருந்தாள்.

இன்று அதே படகுகள் பல, வீடுகளாக மாற்றப்பட்டுள்ளன. சாலைப் போக்குவரத்தும் பெருங்கப்பல்களும் சரக்கைப் பறித்துக்கொள்ளவே, சிறு படகுகள் பெரும்பாலும் உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றில் சிலவற்றை வாங்கி, சரக்கு இருந்த இடத்தில் வரவேற்பறையும் நூலகமும் அமைத்து வாழ்வோர் உள்ளனர். எளிய வாழ்வைத் தேடியே அவர்களில் பலர் அங்குச் செல்கின்றனர். அவர்கள் கற்கும் பாடம் பொய்யானதன்று. தொட்டியில் உள்ள தண்ணீர் தீர்ந்தால் சென்று நிரப்பவேண்டும். ஆகவே ஒவ்வொரு குவளை நீருக்கும் கணக்கு உண்டு. உலர்ந்த விறகு எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துத்தான் இரவை எதிர்கொள்ளவேண்டும். ஒரு பொருளை உள்ளே கொண்டுவந்தால் மற்றொன்றை வெளியே அனுப்பவேண்டும். குழாயைத் திருகினால் நீரும் பொத்தானை அழுத்தினால் வெப்பமும் வரும் உலகில், இவை எங்கிருந்து வருகின்றன என்பதை மறந்துவிட்ட மனிதனுக்கு இது நல்ல பயிற்சியே.

எனினும், இடுப்பில் கயிறு கட்டப்பட்டு வளர்ந்த அந்தக் குழந்தை இன்று முதியவராக வந்து இந்த நூலகத்தில் நின்றால், அங்குள்ளோர் "எளிய வாழ்வு" என்று சொல்லும்போது அவர் மனத்தில் என்ன தோன்றும்?

நம் கரையோரக் கால்வாய்

இஃது ஏதோ தொலைதூர நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் உப்பளங்கள் நிறைந்த மரக்காணம். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வழியாக இங்குவரை வருவது பக்கிங்காம் கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட சிறு கால்வாயே படிப்படியாக நீண்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்குத் தோண்டிய அக்கால்வாய்க்கு, அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. தோண்டிய கைகளின் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை.

உப்பும் நெல்லும் சவுக்கு விறகும் இக்கால்வாய் வழியே சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரித்தும், இல்லாவிட்டால் மூங்கில் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளை ஓட்டினர். பயணம் முடியும்வரை சமையலும் உறக்கமும் படகிலேயே. கார்த்திகை, மார்கழி மாத மழையில் மூட்டைகள் நனையாமல் காக்கவேண்டும். மூட்டைகளைக் காத்த பிறகே தன்னை நனையாமல் காத்துக்கொள்வது. பிரெஞ்சுப் படகில் நிலக்கரி பெற்ற முதலிடத்தை இங்கே உப்பும் நெல்லும் பெற்றன.

இரயிலும் லாரியும் வந்தபின் இத்தொழில் நலிந்தது. 1960-களிலும் 1976-இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. இன்று சென்னை நகருக்குள் அது கழிவுநீர் ஓடும் வாய்க்கால். பறக்கும் இரயிலின் தூண்கள் அதனுள் நிற்கின்றன. அதன் கரையில் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றை, தொழிலும் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, நகரின் தென்கோடியில் கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளில் குடியமர்த்தினர். கேரளத்தின் கெட்டுவள்ளங்களின் கதை வேறு திசையில் சென்றது. நெல் மூட்டைகளை ஏற்றிச்சென்ற அப்படகுகள், 1990-களிலிருந்து சுற்றுலாப் பயணிகளின் மிதக்கும் விடுதிகளாயின. ஒருகாலத்தில் படகோட்டி பாய் விரித்துப் படுத்த இடத்தில் இன்று குளிர்சாதன அறை. ஒரே படகு, இருவேறு உலகங்கள்.

மூன்று வினாக்கள்

குகையையும் படகையும் அருகருகே வைத்து நோக்கும்போது, இடத்தின் அளவைக் கொண்டு அறத்தை அளக்க இயலாது என்பது தெளிவாகிறது. அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? மூன்று வினாக்களை எழுப்பலாம் என்று தோன்றுகிறது.

முதல் வினா: இச்சிறிய இடத்தைத் தேர்ந்தவர் யார்? அங்கு வாழ்பவரா, அவரை அங்கே தள்ளிய பிறரா? இரண்டாம் வினா: அங்கிருந்து வெளியேற வழி உண்டா? இவ்விரு வினாக்களும் விரும்பி ஏற்ற எளிமையை, சுமத்தப்பட்ட வறுமையிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. முன்னது ஒரு கொடை. பின்னது ஒரு கடன், அதாவது சமுதாயம் ஒருவருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் கடன். இரண்டையும் "எளிமை" என்னும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் குறை மட்டுமன்று. நம் மனச்சான்றின் சோம்பலும் ஆகும்.

ஆனால் இவ்விரண்டோடு நின்றுவிட்டால் துறவியின் எளிமை வெறும் நடிப்பே என்று முடிவு கட்டிவிடுவோம். "திரும்பிச் செல்ல வழி உள்ளவன் ஏழையாவது எப்படி?" என்று எள்ளுவோர் இருக்கின்றனர். அவ்வெள்ளலில் ஓரளவு நியாயமும் உண்டு. எனவே மூன்றாம் வினா தேவையாகிறது: அவர் தமக்குக் குறைத்துக்கொண்ட இடம் யாருக்குக் கிடைத்தது?

ஒருவர் தம் தேவையைச் சுருக்கும்போது இடம் ஒன்று மீதமாகிறது. அந்த மீதத்தில் மற்றொருவர் வந்து அமர்ந்தால், அந்த எளிமை அன்பாகிறது. எவரும் அமராவிட்டால் அஃது ஒரு தனிப்பட்ட பயிற்சி; நல்ல பயிற்சியாகவே இருக்கலாம், ஆனால் நற்செய்தி கூறும் ஏழ்மையாகாது. புனித ஆசீர்வாதப்பர் இதை நன்கு அறிந்திருந்தார். தம் துறவியர் எதையும் தமதென்று வைத்துக்கொள்ளலாகாது என்று பணித்த அவரே, தம் ஒழுங்கின் 53-ஆம் அதிகாரத்தில், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்று விதித்தார். மடத்தின் வாயிலில் அறிவு முதிர்ந்த ஒருவரை அமர்த்தி, எவரேனும் தட்டினாலோ ஓர் ஏழை குரல் கொடுத்தாலோ உடனே மறுமொழி தரச் சொன்னார். உள்ளே எளிமை, வாயிலில் வரவேற்பு. இரண்டும் சேர்ந்ததே துறவு.

சரக்கு இருந்த இடத்தில் மனிதர்

பிரான்சின் படகுகளுள் இரண்டு, இம்மூன்றாம் வினாவுக்கு விடையாக நிற்கின்றன.

முதலாம் உலகப்போரின்போது இரும்பு கிடைப்பது அரிதாயிருந்ததால், நிலக்கரி ஏற்றுவதற்குக் கான்கிரீட்டால் படகுகள் கட்டப்பட்டன. அவ்வாறு 1915-இல் கட்டப்பட்ட ஒரு படகை 1929-இல் இரட்சணிய சேனை வாங்கியது. பின்னாளில் நம் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே என்னும் கட்டடக்கலைஞர், நிலக்கரி கிடந்த அதன் வயிற்றைப் படுக்கைகள் வரிசையாக அமைந்த கூடமாக மாற்றினார். லூயிஸ்-கத்தரின் என்னும் பெயருடன் பாரிஸ் நகரில் செய்ன் ஆற்றில் நின்ற அப்படகு, 1930 முதல் பனிக்காலத்தில் வீடற்றோர் படுத்துறங்கும் இல்லமாகவும், கோடையில் ஏழைக் குழந்தைகளின் விடுமுறை இல்லமாகவும் விளங்கியது. 1994-இல் அப்பணி நின்றது. 2018-இல் செய்ன் வெள்ளத்தின்போது மூழ்கிய படகு, 2020-இல் மீண்டும் தூக்கி நிறுத்தப்பட்டது.

மற்றொன்று, செய்ன் ஆறும் உவாஸ் ஆறும் கூடும் கோன்ஃப்ளான் நகரில் நிற்கிறது. படகோட்டிகளின் ஊர் அது. 1919-இல் நிலக்கரி ஏற்றக் கட்டப்பட்ட கான்கிரீட் படகை அருள்தந்தை ஜோசப் பெலான்ஜே 1930-களில் படகோட்டிக் குடும்பங்களுக்கான ஆலயமாக்கினார். கரையில் பங்கு என்று ஒன்று இல்லாத மக்களுக்கு, அவர்களைப் போலவே நீரில் மிதக்கும் ஓர் ஆலயம். "நான் பணிபுரிகிறேன்" என்பது அப்படகின் பெயர். படகோட்டிகள் குறைந்துபோன பின்னரும் அதன் கதவு அடைபடவில்லை. வீடற்றோருக்கும், அண்மை ஆண்டுகளில் திபெத்திலிருந்து வந்த அகதிகள் பலருக்கும் அங்கே உணவும் ஆதரவும் கிடைத்தன.

இவ்விரு படகுகளிலும் இடம் பெரிதாகவில்லை. இருந்த இடம் யாருக்கு என்னும் வரிசை மட்டும் மாறியது. சரக்குக்கு முதலிடம், மனிதனுக்கு மீந்த இடம் என்றிருந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. ஆண்டவரும் படகின் பிற்பகுதியில் தலையணைமீது தலைவைத்து உறங்கினார் என்று மாற்கு நற்செய்தியாளர் எழுதுகிறார். படகோட்டிக் குடும்பங்களுக்குக் கிடைத்த அதே பின்முனை! சீமோன் தம் படகில் அவருக்கு இடம் ஒதுக்கிய அன்று, மீன் வைக்கும் இடம் போதகரின் இருக்கையாயிற்று என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

அதே மலையின் மறுபுறம்

இப்போது அண்ணாமலைக்குத் திரும்புவோம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலையில் பெருமழையைக் கொட்டியது. திசம்பர் 1-ஆம் நாள் மாலை, மலையடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின்மேல் விழுந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் ஒரே வீட்டில் மண்ணுக்குள் புதைந்து இறந்தனர். அவ்வாண்டின் தீபத் திருநாளுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. கோடி கண்கள் உச்சியை நோக்கிக் காத்திருந்த வேளையில் அடிவாரத்தில் இது நிகழ்ந்தது.

ஞானிகள் தவம் செய்த அதே மலை. அதே பாறை; அதே மழை. குகையில் இருந்தவருக்கு மலை ஒரு குருவாயிற்று. சரிவில் வீடு கட்டியவருக்கோ கூற்றமாயிற்று. சரிவில் வாழ்வோர் மலையழகை விரும்பி அங்கே ஏறவில்லை. சமநிலத்தின் விலை ஏற ஏற, வசதியற்றோர் எங்கும் சரிவுக்கும், கால்வாய்க் கரைக்கும், ஏரியின் உட்புறத்துக்குமே ஒதுங்குகின்றனர். பேரிடர் வரும்போது மட்டும், "ஏன் அங்கே குடியிருந்தீர்கள்?" என்று கேட்கிறோம். "வேறு எங்கே இடம் கொடுத்தீர்கள்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் மறுமொழி உண்டா?

இவ்விடத்தில் ஒரு போலி ஆறுதலைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஏழையின் குடிசையில்தான் அன்பு நிறைந்திருக்கிறது, இருக்கும் கஞ்சியையும் பகிர்ந்துகொள்கிறார்கள்" என்று நாம் உருக்கத்தோடு பேசுவதுண்டு. அவர்கள் பகிர்வது உண்மையே. அது அவர்களுடைய பெருமை. அதை எடுத்து நம் குற்றத்துக்குப் போர்வையாக்குவது தகாது. பனியில் உறைந்த கால்வாயில் படகோட்டிகள் ஒருவருக்கொருவர் நிலக்கரி கடன் கொடுத்துக்கொண்டால், அவர்களுடைய அறைகள் போதுமானவை என்று அதற்குப் பொருளாகாது.

திருச்சபை இதைத் தெளிவாகவே கூறியுள்ளது. வீடற்றோருக்கான உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1987-இல், உரோமையின் நீதி அமைதிக்கான திருத்தூதுக் குழு, வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்று கேட்கும் தலைப்போடு ஓர் ஏடு வெளியிட்டது. தகுந்த உறைவிடம் மனிதரின் உரிமை. அது கிடைக்காமற்போவது விதியன்று, அநீதி என்பதே அதன் சாரம். தலைப்பு காயினிடம் இறைவன் கேட்ட கேள்வியை நினைவூட்டுகிறது. அக்கேள்விக்குக் காயின் தந்த மறுமொழியையும் நாம் அறிவோம்.

நம் இல்லத்துக் குடில்

ஒவ்வொரு மார்கழியிலும் நம் இல்லங்களில் குடில் அமைக்கிறோம். வைக்கோல் கூரை, மாட்டுத் தொழுவம், தீவனத் தொட்டி, பஞ்சாலான பனி. சூசையப்பரும் மரியன்னையும் இடம் கேட்டு நின்ற வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உலகிலேயே மிகக் குறுகிய உறைவிடம் அது. அதை நாம் மின்விளக்குகளால் அலங்கரிக்கிறோம். தவறில்லை. அன்பின் வெளிப்பாடு அது. ஆனால் விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்னும் லூக்காவின் சொற்றொடரை வாசிக்கும்போது, நாம் யார் பக்கம் நிற்கிறோம்? தொழுவத்தின் பக்கமா, விடுதியின் பக்கமா?

நம்மில் வாடகைக்கு வீடு விடுவோர் பலர். வீடு கேட்டு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "நீங்கள் எந்த ஆட்கள்?" என்னும் வினா திருப்பலிக்குச் சென்று திரும்பிய உதடுகளிலிருந்தும் புறப்படுவதை மறுக்க முடியுமா? சாதி அறிந்த பின் சாவி தருவதும், கைம்பெண் என்றோ, வடநாட்டுத் தொழிலாளி என்றோ, பிள்ளைகள் மிகுதி என்றோ சொல்லிக் கதவடைப்பதும் நம் தெருக்களில் நாள்தோறும் நிகழ்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகக் கட்டிப் பூட்டிவைத்த மாடிகளும் நம்மிடையே உண்டு. அப்பூட்டிய அறைகளில் நிலக்கரி இல்லை. நெல் மூட்டைகள் இல்லை. நம் பெருமிதமும் அச்சமுமே அங்கே கால் நீட்டிப் படுத்திருக்கின்றன.

எல்லாரும் குகைக்குச் செல்லவேண்டும் என்று இறைவன் கேட்கவில்லை. இல்லறத்தாருக்குக் கதவும் சுவரும் தேவை. பிள்ளைகள் படிக்க ஓர் அறையும் முதியோர் ஓய்வெடுக்க ஒரு கட்டிலும் தேவை. அவற்றைத் தேடுவது பேராசையாகாது. நம்மிடம் கேட்கப்படுவது வேறு. நமக்குப் போதிய இடம் எது, நம் பொருள்கள் மட்டும் குடியிருக்கும் இடம் எது என்று பிரித்தறியும் நேர்மை கேட்கப்படுகிறது. அப்படிப் பிரித்தறிந்த பின், மீந்த இடத்தை மனிதருக்குத் திறக்கும் துணிவும் கேட்கப்படுகிறது. தனியொருவரால் இயலாததைப் பங்குச் சமூகம் ஒன்றாகச் செய்யலாம். மழைக்காலத்தில் சரிவிலும் கரையிலும் வாழும் குடும்பங்களுக்குப் பங்கின் மண்டபத்தையும் பள்ளிக்கூடத்தையும் கேட்கும் முன்பே திறந்துவைப்பதும், பாதுகாப்பான வீட்டுமனை கேட்டு அவர்கள் அரசிடம் செல்லும்போது உடன் செல்வதும் அத்தகைய செயல்களே.

இவ்வாண்டு குடிலின் முன் முழங்காலிடும்போது, கடந்த ஆண்டில் நம் வாயிலில் நின்று, இடமில்லை என்னும் விடையோடு திரும்பிச் சென்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்போம். அவர்களில் ஒருவரையேனும் தேடிச் சென்று அழைத்துவர இன்னும் காலம் இருக்கிறது.